முழங்காலில் ஆரம்பித்து நானோ குழாயில் போய் நிற்கும் ஆராய்ச்சி

வேலூர்ப் பக்கம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த ஒருவர், "பயோமெக்கானிக்ஸில ஆராய்ச்சி பண்றேன், கூடவே நானோ அளவில தண்ணி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்றேன்" என்று வீட்டில் சொன்னால், பெரியப்பாவிடமிருந்து வரும் முதல் கேள்வி "அதுக்கு சி.எம்.சி.யில வேலை கிடைக்குமாப்பா?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி: முழங்காலுக்கும் கண்ணுக்கே தெரியாத குழாய்க்கும் என்ன சம்பந்தம், ஒரே ஆள் எப்படி இரண்டையும் பார்க்க முடியும்?

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கு. பெயரைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு துறை மாதிரி இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே வேலைதான்: விசை எங்கே விழுகிறது, அதை எது தாங்குகிறது, எது நகர்கிறது என்று கணக்குப் போடுவது. அளவு மட்டும் மீட்டரிலிருந்து மில்லிமீட்டர், அங்கிருந்து மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நானோமீட்டர் (அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இறங்கிக்கொண்டே போகும். இறங்கும்போது, ஒரு படியில் ஒழுங்காக வேலை செய்த சமன்பாடு அடுத்த படியில் கைவிட்டுவிடும். எந்தப் படியில் எது கைவிடும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இந்த ஆய்வாளரின் உண்மையான தொழில் என்பேன், மற்றதெல்லாம் சாஃப்ட்வேர்.

சரி, மேல் படியிலிருந்து வருவோம்.

பயோமெக்கானிக்ஸ் என்றால் உடம்புக்குப் போட்ட மெக்கானிக்ஸ். எலும்பு, தசை, ரத்தம், தோல் எல்லாவற்றுக்கும் நியூட்டன் சொன்னது பொருந்தும், பாலத்துக்கும் பம்புசெட்டுக்கும் பொருந்துகிற மாதிரியே. வட ஆற்காட்டுக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், காட்பாடிப் பக்கம் கரிகிரி இருக்கிறது. 1946-இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களுக்குக் கை கால் சதையே கெட்டுப்போய் விரல் உதிர்ந்துவிடும் என்று பரவலாக நம்பிய காலம் அது. அவரும் கூட இருந்தவர்களும் கவனித்தது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது, உணர்ச்சி போனதால் சூடான பாத்திரத்தையும் குத்தும் கல்லையும் உடம்பு கண்டுகொள்வதில்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து புண்ணாகிறது. அதாவது பாதிக் கதை மருத்துவம் என்றால் மீதிப் பாதி மெக்கானிக்ஸ். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தபிறகு, பாதத்தில் விழும் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அங்கே பெரிய வேலையாக நடந்தது. இன்றைக்கு சுகர் இருக்கிறவர்கள் கடையில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

கணக்கைப் பாருங்கள், சின்னக் கணக்குதான். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறார், பாதம் தரையில் படும் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ. இது சராசரி. நடக்கும்போது குதிகால் தூக்கி முன்பாதத்தில் எடை ஏறுகிற நேரத்தில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முனையில் 4 சதுர சென்டிமீட்டர் இடத்தில் 20 கிலோ விழுந்தால், அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. எட்டு மடங்குக்கும் மேல். ஆள் அதே ஆள், எடை அதே எடை, பரப்பு மட்டும் மாறியிருக்கிறது. வலி தெரிந்தவர் கொஞ்சம் நொண்டி நடந்து தப்பித்துக்கொள்வார். வலி தெரியாதவருக்கு நொண்டத் தோன்றாது. மெத்தென்ற ரப்பர் அந்த 4 சதுர சென்டிமீட்டரை 15, 20 ஆக்கிவிடுகிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம்.

பிராண்ட் செய்த இன்னொரு வேலை, மடங்கிப்போன விரல்களுக்குச் செய்த தசைநாண் மாற்று அறுவை. முன்கையில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரலுக்குக் கொண்டுபோய்க் கட்டுவது. இங்கேயும் கேள்வி இன்ஜினியர் கேள்விதான்: மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டினால் எவ்வளவு திருப்பு விசை வரும், அந்தத் தசை எவ்வளவு தூரம் சுருங்கும், விரல் முழுதாக நீள அது போதுமா?

இப்போது ஒரு ஆய்வாளரை நாமே உருவாக்கிக்கொள்வோம். குடியாத்தம் பக்கத்துப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள், பி.இ. மெக்கானிக்கல், கேட் நுழைவுத் தேர்வு எழுதி மேல்படிப்புக்குப் போனவர். ஆள் கற்பனை, போகிற பாதை கற்பனை இல்லை, இந்தத் துறையில் பலர் இப்படித்தான் போயிருக்கிறார்கள். பயோமெக்கானிக்ஸின் தந்தை என்று சொல்லப்படும் ஒய்.சி. ஃபங்கே முதலில் விமான இறக்கை அதிர்வதைப் பற்றி ஆராய்ந்தவர், 1966-இல் சான் டியேகோவுக்கு மாறியபிறகுதான் முழுநேரமாக உடம்புக்குள் வந்தார்.

நம்ம ஆய்வாளரின் முதல் வேலை நடையை அளப்பது. ஒரு பெரிய அறை, சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள், நடப்பவரின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகள், தரையில் விசையை அளக்கும் பலகை. கேமரா கால் எங்கே இருக்கிறது என்று சொல்லும், பலகை தரை எவ்வளவு திருப்பித் தள்ளுகிறது என்று சொல்லும். இரண்டையும் நியூட்டனின் இரண்டாம் விதியில் போட்டால் கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு திருப்பு விசை என்று வந்துவிடும்.

இதுவரை சுலபம். கஷ்டம் அடுத்ததில் இருக்கிறது. 5 கிலோ அரிசிப் பையை முழங்கையை மடக்கிக் கையில் பிடித்திருக்கிறீர்கள். பை மூட்டிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அதைத் தூக்கும் தசை மூட்டிலிருந்து 4, 5 சென்டிமீட்டரில்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. ஆக அந்தத் தசை 35, 40 கிலோவுக்கு இழுத்தால்தான் 5 கிலோ நிற்கும். உடம்பு வலுவுக்காகக் கட்டப்பட்டதில்லை, கை வேகமாகவும் தூரமாகவும் போக வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது, அதற்கான விலையைத் தசையும் மூட்டும் கொடுக்கின்றன. முழங்காலிலும் இதே கதைதான்: சாதாரணமாக நடக்கும்போதே மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விழுகிறது. இது வெறும் கணக்கும் இல்லை. சென்சார் வைத்த செயற்கை மூட்டுகளை பெர்லினில் நோயாளிகளுக்குப் பொருத்தி நேரடியாகவே அளந்திருக்கிறார்கள்.

அளந்து பார்க்காமல் கணக்கில் மட்டும் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்றால், முழங்காலைச் சுற்றி இருக்கும் தசைகளின் எண்ணிக்கை சமன்பாடுகளின் எண்ணிக்கையைவிட அதிகம். தெரியாதவை பத்துக்கு மேல், சமன்பாடு மூன்று நான்கு. அதனால் "உடம்பு மொத்த உழைப்பைக் குறைக்கத்தான் பார்க்கும்" என்று ஒரு ஊகத்தைச் சேர்த்துக்கொண்டு விடை தேடுவார்கள். ஊகம் நல்லதா கெட்டதா என்பது ஆளைப் பொறுத்தது, மூட்டுத் தேய்ந்தவர் உழைப்பைக் குறைக்கப் பார்ப்பதில்லை, வலியைக் குறைக்கப் பார்ப்பார். வண்ண வண்ணமாக அழுத்தப் படம் போட்டிருக்கும் ஒரு ஆய்வறிக்கையைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இந்த ஊகம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான்.

சரி, அந்த இரண்டு மூன்று மடங்கு எடை போய் எங்கே உட்காருகிறது? எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பின் மேல். கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர், ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. எண்ணெய் போட்ட இரும்பு இரும்போடு உரசினால் உராய்வு எண் 0.1 அளவில் இருக்கும், நல்ல நிலையில் இருக்கும் குருத்தெலும்பில் அது 0.01-க்கும் கீழே போகிறது. எந்தத் தொழிற்சாலை பேரிங்கும் பொறாமைப்படும் எண், அதுவும் பல பத்தாண்டு, கிரீஸ் மாற்றாமல்.

இதற்குக் காரணம் தண்ணீர். குருத்தெலும்பின் எடையில் 70, 80 சதவீதம் தண்ணீர்தான், மிச்சம் கொலாஜன் நாரும் மின்னேற்றம் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகளும். நார்களுக்கு நடுவே இருக்கும் துளைகள் சில நானோமீட்டர்தான், அதனால் அழுத்தினால் தண்ணீர் உடனே வெளியே ஓட முடியாது, மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தமே எடையைத் தாங்குகிறது. கால் ஊன்றிய முதல் கணங்களில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் சுமக்கிறது, நார்கள் சும்மா எல்லை கட்டி நிற்கின்றன. 1980-இல் வான் மோவும் அவருடைய குழுவும் குருத்தெலும்பைத் திடமும் திரவமும் கலந்த ஒன்றாக எழுதிச் சமன்பாடு போட்டதிலிருந்து மூட்டு ஆராய்ச்சி முழுக்க அந்தப் பாதையில்தான் போகிறது. மூட்டுத் தேய்மானம் ஆரம்பிக்கும்போது துளைகள் அகலமாகின்றன, தண்ணீர் சீக்கிரம் ஓடிவிடுகிறது, சுமை நார்களின் மேல் விழுகிறது, நார்கள் கிழிகின்றன, துளை இன்னும் அகலமாகிறது.

கவனித்தீர்களா, முழங்காலைப் பார்க்க வந்தவர் இப்போது நானோமீட்டர் துளையில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் நகரும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். துறை மாறவில்லை. கேள்விதான் கீழே இழுத்துக்கொண்டு போகிறது.

இனி தண்ணீர்ப் பக்கம். குழாயில் திரவம் எவ்வளவு ஓடும் என்பதற்குப் பள்ளிப் புத்தகத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது, பாய்சொய் சூத்திரம். அந்த பாய்சொய் பிரெஞ்சு மருத்துவர், நுண்ணிய ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளத்தான் 1830-களில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு அளக்க ஆரம்பித்தார். அவர் கண்டது: ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, கால்வாசி கூட ஆவதில்லை, 16-இல் ஒரு பங்கு ஆகிவிடும். ரத்தக்குழாயில் கொஞ்சம் கொழுப்பு ஒட்டினாலே ஏன் பிரச்சனை என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இந்தச் சூத்திரம் இரண்டு விஷயத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. ஒன்று, திரவம் என்பது இடைவெளியே இல்லாத ஒரே பொருள். இரண்டு, சுவரை ஒட்டியிருக்கும் திரவம் நகரவே நகராது. வீட்டுக் குழாயில் இரண்டும் சரி. மைக்ரோமீட்டருக்கு வந்தாலே ரத்தம் முதல் ஊகத்தை உடைக்கிறது: சிவப்பணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர், நுண்குழாயின் விட்டமும் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான், இதில் ரத்தத்தை ஒரே பொருள் என்று எப்படிச் சொல்வது? குழாய் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் ரத்தம் இளகின மாதிரி சுலபமாக ஓட ஆரம்பிக்கிறது என்று 1931-லேயே ஃபாரேயஸும் லிண்ட்க்விஸ்ட்டும் காட்டிவிட்டார்கள். அணுக்கள் நடுவில் ஓடுகின்றன, ஓரத்தில் அணுக்கள் இல்லாத வெறும் பிளாஸ்மா நீர் மட்டும் இருந்து வழுக்கிவிடுகிறது.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் சுமார் 3,300 கோடி மூலக்கூறு இருக்கிறது, அவ்வளவு கூட்டத்துக்கு சராசரி எடுத்தால் அடர்த்தி, பாகுத்தன்மை எல்லாம் உறுதியான எண்ணாகவே வரும். ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் இருப்பது 33. ஸ்ரீபுரம் பொற்கோயிலின் நட்சத்திரப் பாதையில் விசேஷ நாளில் நகரும் கூட்டத்தை மலை மேலிருந்து பார்த்தால் ஓடை மாதிரித்தான் தெரியும், அதற்கு வேகம், அகலம், நெருக்கம் என்று எண் கொடுக்கலாம், ஆனால் ஒரு ஆள் மட்டும் நுழையும் கம்பி வரிசைக்குள் வந்துவிட்டால் ஓடை என்ற பேச்சே பொருந்தாது, முன்னால் இருக்கும் அம்மா குழந்தையைத் தூக்க நின்றால் பின்னால் எல்லாரும் நிற்க வேண்டும். ஒரு நானோமீட்டர் குழாயில் தண்ணீரின் நிலை இந்தக் கம்பி வரிசை. சுவரை ஒட்டி மூலக்கூறுகள் அடுக்கு அடுக்காக நிற்கும், ஒரு இடத்தில் நெருக்கம், அடுத்து வெறுமை, மறுபடி நெருக்கம். சுமார் ஒரு நானோமீட்டர் தள்ளிப் போனால்தான் இந்த அலை அடங்கிச் சாதாரணத் தண்ணீர் ஆகும். குழாயே ஒரு நானோமீட்டர் என்றால் சாதாரணத் தண்ணீருக்கு இடமே இல்லை.

அப்போது என்ன செய்வது? ஒவ்வொரு அணுவையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டியதுதான். மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன் என்பது இதுதான், கேட்கப் பயமாக இருந்தாலும் உள்ளே இருப்பது பிளஸ் டூ இயற்பியல். இரண்டு அணு ரொம்ப நெருங்கினால் தள்ளிக்கொள்ளும், கொஞ்சம் விலகினால் இழுத்துக்கொள்ளும், இதற்கு லெனார்ட்-ஜோன்ஸ் என்று ஒரு சூத்திரம். மின்னேற்றம் இருந்தால் கூலும் விதி. ஒவ்வொரு அணுவின் மேலும் எல்லா விசையையும் கூட்டு, நிறையால் வகு, முடுக்கம் வந்துவிட்டது, அதை வைத்து அணுவைத் துளியூண்டு நகர்த்து, மறுபடி முதலிலிருந்து. தண்ணீருக்கு அந்தத் துளியூண்டு நேரம் ஒன்று இரண்டு ஃபெம்டோசெகண்ட், ஒரு செகண்டில் ஆயிரம் லட்சம் கோடி ஃபெம்டோசெகண்ட் இருக்கிறது. ஒரு நானோசெகண்ட் நேரத் தண்ணீரைப் பார்க்கவே 5 லட்சம் முதல் 10 லட்சம் முறை இந்தச் சுற்று போக வேண்டும். 20 நானோமீட்டர் பக்கமுள்ள பெட்டி என்றால் அணுக்கள் மட்டும் சுமார் 8 லட்சம்.

இந்த முறையில் உண்மையான திரவத்தை முதலில் ஓட்டிக்காட்டியவர் நம்ம ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964-இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில், ஆர்கான் என்ற தனிமத்தின் 864 அணுக்கள். 1971-இல் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து தண்ணீர், 216 மூலக்கூறு. தண்ணீருக்கு வர ஏழு வருஷம் ஆனதில் ஆச்சரியமில்லை, ஆர்கான் உருண்டை, தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்போடு திசைக்குத் திசை வேறு குணம் காட்டும் ஆசாமி. இவ்வளவு பெரிய துறைக்கு அடி போட்டவரை நம்ம கல்லூரிகளில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை, அது ஒரு தனி வருத்தம்.

சிமுலேஷன் என்றால் பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அறை வெப்பத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு செகண்டுக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டிருக்கிறது. நிஜ வடிகட்டிச் சவ்வில் ஓட்டத்தின் வேகமோ மிகமிகக் குறைவு. அந்த 600 மீட்டர் இரைச்சலுக்குள் இந்தச் சின்ன ஓட்டத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாமல், ஆய்வாளர்கள் நிஜத்தில் யாரும் கொடுக்காத அளவுக்கு, சில நேரம் கடல் நீர் சுத்திகரிப்பில் கொடுப்பதைவிடப் பல மடங்கு, அழுத்தம் கொடுத்துத் தள்ளுவார்கள். தள்ளினால் தண்ணீர் சூடாகும். சூட்டைக் குறைக்க வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் ஒரு நிரலைச் சேர்ப்பார்கள். அந்த நிரலுக்கு எது ஓட்டம் எது சூடு என்று சொல்லித்தராவிட்டால், ஓடும் வேகத்தையும் சூடு என்று நினைத்துக்கொண்டு ஓட்டத்தையே அமுக்கிவிடும், நீங்கள் உட்கார்ந்து "இந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாகப் போகிறது" என்று கட்டுரை எழுதிக்கொண்டிருப்பீர்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். இந்த வகைத் தப்பைப் பிடிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும்தான் வித்தியாசம், வேகமான கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது என்பதில் இல்லை.

இந்தத் துறையைப் பிரபலமாக்கியது கார்பன் நானோகுழாய், அதாவது கார்பன் அணுக்களே சுவராக நிற்கும் நானோமீட்டர் அகலக் குழாய். கார்பன் தண்ணீரை விரும்பாது, 0.8 நானோமீட்டர் குழாய்க்குள் தண்ணீர் போகவே போகாது என்று எவருக்கும் தோன்றும். 2001-இல் ஹம்மரும் கூட்டாளிகளும் சிமுலேஷனில் காட்டினார்கள்: போகிறது, ஒற்றை வரிசையில், விட்டுவிட்டு, நல்ல வேகத்தில். 2005-இல் மஜும்தார், ஹிண்ட்ஸ் குழு சோதனையிலேயே பாய்சொய் சூத்திரம் சொல்வதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் ஓட்டம் என்று அறிவித்தபோது எல்லாரும் கார்பன் குழாயின் பின்னால் ஓடினார்கள். காரணம் மேலே சொன்ன இரண்டாவது ஊகம். வழவழப்பான கார்பன் சுவரில் தண்ணீர் ஒட்டி நிற்பதில்லை, நழுவுகிறது. எவ்வளவு நழுவுகிறது என்று சொல்ல நழுவல் நீளம் என்று ஒன்றை அளப்பார்கள், சுவருக்கு வெளியே எவ்வளவு தூரம் தள்ளிப் போனால் வேகம் சுழியாகும் என்று கோடு நீட்டிப் பார்ப்பது. வீட்டுக் குழாயிலும் சில நானோமீட்டர் நழுவல் இருக்கலாம், அது யாருக்கும் தெரியாது. குழாயே சில நானோமீட்டர் என்னும்போதுதான் அது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன பெரிய பெரிய மடங்குகள் அப்படியே நிற்கவில்லை, ஆளுக்கொரு எண் வந்தது, சண்டை நடந்தது. 2016-இல் பாரிஸில் ஒரே ஒரு குழாயை எடுத்து அளந்தார்கள்: கார்பன் குழாயில் நல்ல நழுவல், குழாய் குறுகக் குறுக அதிகமாகிறது. அமைப்பில் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் போரான் நைட்ரைடு குழாயில் நழுவலே இல்லை. வடிவம் ஒன்று, அணு வேறு, விடை தலைகீழ். வெறும் லெனார்ட்-ஜோன்ஸ் உருண்டைகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட முடியாது, எலக்ட்ரான் வரை இறங்க வேண்டும். இன்னொரு படி.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பாலாற்றங்கரையில் வந்து கேட்கக்கூடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும், 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கடைசியில் உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு இருக்கிறது, நாம் வாங்கும் கேன் தண்ணீருக்கும் அதே சவ்வுதான். அந்தச் சவ்வில் வேலை செய்யும் பாலிஅமைடு அடுக்கின் கனம் 100 நானோமீட்டர் அளவில்தான், அதில் நிலையான ஓட்டை என்று ஒன்று கிடையாது, பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகள்தான். தண்ணீர் அதில் கரைந்து ஊர்ந்து போகிறது என்றுதான் பல பத்தாண்டாகப் பாடம் நடத்தினார்கள். 2023-இல் எலிமெலெக்கின் யேல் குழு, சிமுலேஷனையும் சோதனையையும் வைத்து, இல்லை, அழுத்த வித்தியாசத்தால் துளைகள் வழியாக ஓடுகிறது என்று வாதிட்டது. கடைக்கடைக்கு விற்கும் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே இன்னும் வாதம் நடக்கிறது, ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம். டயாலிசிஸ் வடிகட்டியும் இதே குடும்பம்தான்: யூரியா போக வேண்டும், 7 நானோமீட்டர் அளவுள்ள ஆல்புமின் புரதம் போகக்கூடாது.

வேலை, பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் எந்த விளக்கமும் நம்ம வீடுகளில் செல்லாது. பி.எச்டி. மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பி.எச்டி. முடிய ஐந்தாறு வருஷம் பிடிக்கும், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை), அநேகமாக வெளிநாட்டில். கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் வீடு வாங்கியிருப்பார்கள், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மருத்துவமனைப் பக்கமே இருக்க விரும்புகிறவர்களுக்கு சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்திவரும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். ஒரு வழி. சிமுலேஷன் பக்கம் போகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் நேரம் முன்பு பெரிய தடை, இப்போது திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கும் 'பரம் பொருள்' சூப்பர்கம்ப்யூட்டர் மாதிரி இயந்திரங்கள் வந்திருக்கின்றன. படிப்பில் மெக்கானிக்கல்காரர்கள் தனியாகப் பிடிக்க வேண்டியது புள்ளியியல் இயந்திரவியல் (மூலக்கூறுக் கூட்டத்துக்குப் போடும் சராசரிக் கணக்கு), அது பி.இ.யில் சொல்லித்தரப்படுவதில்லை, அது இல்லாமல் வெப்பநிலை என்றால் என்ன என்றே நானோ அளவில் புரியாது. லினக்ஸும் பைத்தானும் போகிற போக்கில் வந்துவிடும்.

ருசி பார்க்க நினைத்தால் காசு செலவே வேண்டாம். லாம்ப்ஸ் என்ற சிமுலேஷன் நிரல் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். ரஹ்மானின் 1964 கணக்கையே போட்டுப் பாருங்கள்: 864 ஆர்கான் அணு, 94.4 கெல்வின், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.374 கிராம், ஒரு நகர்த்தலுக்கு 10 ஃபெம்டோசெகண்ட். அன்றைக்குப் பெரிய இயந்திரம் மணிக்கணக்கில் செய்தது சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு அணுவிலிருந்து அடுத்த அணு எவ்வளவு தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று வரைபடம் போட்டால் முதல் உச்சி 0.37 நானோமீட்டரில் வர வேண்டும், ரஹ்மானுக்கு அங்கேதான் வந்தது. வராவிட்டால் முதலில் அலகுகளைச் சரிபாருங்கள், அப்புறம் வெப்பநிலை நிரலை நிறுத்திவிட்டு மொத்த ஆற்றல் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். அது மெல்ல மெல்ல ஏறினால் நகர்த்தல் நேரத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சி சரியாக வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சுவர் வைத்து, அணுக்கள் சுவரோரம் அடுக்கு அடுக்காக நிற்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம்.